ஆர்னோவின் அக்கரை: ஃபிளாரன்ஸின் ஓல்த்ரார்னோ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபிளாரன்ஸ் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, "ஆற்றைத் தாண்டுவீர்களா?" என்பதுதான். பலர் பழைய பாலத்தின் நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நான் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். இரண்டாம் தடவை அக்கரையிலேயே, மின்தூக்கி இல்லாத ஒரு மூன்றாம் மாடியில் ஐந்து நாள் தங்கினேன். அதற்குப் பிறகு நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் கேட்ட கேள்விகள் இங்கே.

ஓல்த்ரார்னோ என்றால் என்ன?

ஆர்னோவுக்கு அப்பால் என்று பொருள். நம் மொழியில் அக்கரை, அவ்வளவுதான். பேராலயம், உஃபீஸி ஓவியக்கூடம், நகராட்சி மாளிகை எல்லாம் ஆற்றின் வடகரையில். தென்கரையில் உள்ள சான்டோ ஸ்பிரிடோ, சான் ஃப்ரெதியானோ, சான் நிக்கோலோ ஆகிய குடியிருப்புகள் சேர்ந்ததுதான் ஓல்த்ரார்னோ. சாயமிடுபவர்கள், தோல் பதனிடுபவர்கள், தறிக்காரர்கள், தச்சர்கள் வாழ்ந்த கரை இது. பிற்பாடு ஆட்சியாளர்களே இங்கு குடிவந்தார்கள். 1549-இல், நகரை ஆண்ட முதலாம் கோசிமோ மெதிச்சியின் மனைவி, தொலேதோவின் எலியனோரா, பிட்டி என்ற வங்கிக்காரரின் குடும்பத்திடமிருந்து பாதியில் நின்ற மாளிகையை வாங்கினார். அன்றிலிருந்து இந்தக் கரைக்கு இரண்டு முகம். ஒன்று அரண்மனை, மற்றொன்று பட்டறை. இரண்டையும் பார்க்காமல் வந்தால் பாதி ஊரைத்தான் பார்த்தீர்கள்.

எத்தனை நாள் ஒதுக்கலாம்?

குறைந்தது இரண்டு. ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் பிட்டி அரண்மனையை விட்டுவிடுங்கள் என்பேன். திட்டு வாங்கும் ஆலோசனைதான் இது. ஆனால் அரண்மனைக்குள் நுழைந்தால் அரை நாள் போய்விடும், வெளியே வரும்போது கால் கெஞ்சும், அதன்பின் எந்த ஓவியமும் மண்டையில் ஏறாது. பிரான்காச்சி தேவாலயம், சான்டா ஃபெலிசிதா, சான் மினியாதோ ஆகிய மூன்று ஆலயங்களையும் ஒரே நாளில் நிதானமாகப் பார்க்கலாம்.

பிட்டி அரண்மனைக்குள் பல அருங்காட்சியகங்கள் இருக்கின்றனவே, எதற்குப் போவது?

பலாத்தினா என்ற ஓவியக் காட்சிக்கூடத்துக்கு. மற்றவை அதற்குப் பிறகு, தெம்பு மிச்சமிருந்தால்.

இந்தக் கூடத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. ஓவியங்களைக் காலவரிசைப்படியோ பாணிவாரியாகவோ மாட்டவில்லை. பெருங்கோமகன்கள் தங்கள் வீட்டுச் சுவரில் மாட்டி வைத்த பழக்கப்படியே, தங்கச் சட்டங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, தரையிலிருந்து விதானம் வரைக்கும் அடுக்கடுக்காக இருக்கின்றன. பாடப்புத்தகம் போன்ற அருங்காட்சியகங்களுக்குப் பழகியவர்களுக்கு முதலில் மூச்சு முட்டும். எனக்கும் முட்டியது. பிறகு ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன்: அறைக்கு ஒரு படம் மட்டும். வீனஸ், அப்போலோ, மார்ஸ், ஜூபிடர், சனி என்று கிரகங்களின் பெயரில் வரிசையாக அறைகள் வரும். அவற்றின் விதானங்களைப் பியெத்ரோ தா கொர்தோனா வரையத் தொடங்கினார். ஜூபிடர் அறையில் ரஃபேலின் முக்காடிட்ட பெண். அவளுடைய சட்டைக் கையின் மடிப்புகளுக்கு முன்னால் மட்டும் பத்து நிமிடம் நிற்கலாம். சனி அறையில் அவரே வரைந்த நாற்காலி மாதா, வட்டச் சட்டத்துக்குள் தாயும் பிள்ளையும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் படம். நெப்போலியன் காலத்தில் பாரிஸுக்குக் கொண்டுபோகப்பட்டு 1815-இல் திரும்பி வந்தது.

பொக்கிஷ அறை, நவீன ஓவியக்கூடம், ஆடை அருங்காட்சியகம், பீங்கான் அருங்காட்சியகம் ஆகியவையும் உள்ளன. உடைகளில் ஆர்வம் உள்ளவர்கள் ஆடைப் பகுதியைத் தவறவிடக் கூடாது. 16-ஆம் நூற்றாண்டில் கோசிமோவும் எலியனோராவும் அடக்கம் செய்யப்பட்டபோது உடுத்தியிருந்த துணிகளைக் கல்லறையிலிருந்து எடுத்துப் பாதுகாத்திருக்கிறார்கள்.

இன்னொரு சேதி. நமக்கு இன்று முழுதாகக் கிடைக்கும் மிகப் பழைய ஓப்பரா முதன்முதலில் அரங்கேறியது இந்த மாளிகையில்தான். 1600 அக்டோபரில், மரியா மெதிச்சிக்கும் பிரான்ஸ் மன்னர் நான்காம் ஹென்றிக்கும் நடந்த கல்யாணக் கொண்டாட்டத்தில்.

போபொலி தோட்டத்துக்குத் தனியாகப் பணம் கொடுப்பது வீண் இல்லையா?

பிட்டிக்குப் பின்னால் இருக்கும் இதைப் பூந்தோட்டம் என்று நினைத்துப் போனால் வீண்தான். பூ குறைவு. சரளைக் கல், சரிவு, வெட்டிச் சீராக்கிய பச்சை வேலி, சிலை, மறுபடியும் சரிவு. ஜூலை மதியத்தில் பெரியவர்களை அழைத்துப்போக வேண்டாம். காலை திறந்ததும் போங்கள்.

ஆனால் புவொந்தலெந்தியின் குகைக்காகவே நுழைவுக்கட்டணம் தகும். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய செயற்கைக் குகை. சுவரெல்லாம் பாசி பிடித்துச் சொட்டுவது போன்ற சுண்ணக்கல் வேலை. அந்தச் சுவருக்குள்ளிருந்து ஆடுகளும் மேய்ப்பர்களும் பாதி உருவாகிப் பாதி கரைந்து வெளியே வருகிறார்கள். நான்கு மூலைகளிலும் மைக்கலாஞ்சலோவின் முடிவுறாத அடிமைச் சிலைகள் நின்றன. இப்போது இருப்பவை நகல்கள், அசல்கள் வடகரையில் அக்காதெமியாவில். உள்ளே எப்போதும் விடுவதில்லை, குறிப்பிட்ட நேரங்களில்தான். நுழைந்தவுடன் காவலரிடம் நேரத்தைக் கேட்டுவிடுங்கள்.

குகைக்குப் பக்கத்திலேயே ஆமை மேல் உட்கார்ந்த தொப்பைக்காரர் சிலை இருக்கிறது. அரசவையில் இருந்த மொர்காந்தே என்ற குள்ள மனிதர். சிரித்துக்கொண்டே படம் எடுப்பார்கள். எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை.

வசாரி நடைபாதையைத் திறந்துவிட்டார்களாமே?

ஆமாம். உஃபீஸியிலிருந்து பழைய பாலத்தின் மேலாகப் பிட்டி வரை போகும் மூடிய மேல்தளப் பாதை அது. 2016-இலிருந்து மூடிக் கிடந்ததை 2024 டிசம்பரில் திறந்தார்கள். தனி நுழைவாயில் கிடையாது. உஃபீஸி டிக்கெட்டோடு சேர்த்து முன்பதிவு செய்து, உஃபீஸிக்குள்ளிருந்து ஏறி, போபொலி தோட்டத்தில் அந்தக் குகைக்கு அருகே இறங்க வேண்டும். ஒருவழிப் பாதை.

உள்ளே முன்பு ஓவியர்களின் சுயஉருவப் படங்கள் தொங்கின. இப்போது வெற்றுச் சுவர்கள். "இதற்கா இவ்வளவு காசு?" என்று முன்னால் போன ஒருவர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. படம் பார்க்கப் போனால் ஏமாற்றம்தான். அது எதற்காகக் கட்டப்பட்டது என்பதை நினைத்துக்கொண்டு நடக்க வேண்டும். 1565-இல் கோசிமோவின் மகன் ஃபிரான்செஸ்கோவின் திருமணத்தை ஒட்டி, ஐந்தே மாதத்தில் ஓவியரும் கட்டடக் கலைஞருமான வசாரி கட்டி முடித்தார். அலுவலகத்திலிருந்து அரண்மனைக்கு, ஆற்றின் மேலாக, கடைகளின் தலைக்கு மேலாக, தெருவில் ஒருவர் முகத்தையும் பார்க்காமல் போக ஒரு வழி. போகிற வழியில் சான்டா ஃபெலிசிதா ஆலயத்துக்குள் ஒரு மாடம் திறக்கிறது. பூசையையும் மேலே நின்றே கண்டுகொள்ளலாம், ஊராரோடு உட்கார வேண்டியதில்லை.

பாலத்தின் தெற்கு முனையில் மட்டும் பாதை ஒரு கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு வளைகிறது. மன்னெல்லி குடும்பத்தார் தங்கள் கோபுரத்தை இடிக்கச் சம்மதிக்கவில்லை. கோமகனே வளைந்து போனார். கீழே தெருவில் நின்று அண்ணாந்தால் அந்த வளைவு காசு கொடுக்காமலே தெரியும்.

அந்தப் பழைய பாலம் உண்மையில் பழையதுதானா?

பொன்தே வெக்கியோ 1345-இல் கட்டியது, அசலேதான். அதன் மேல் முன்பு கசாப்புக் கடைகள் இருந்தன. தலைக்கு மேலே நடைபாதை வந்தபின் நாற்றம் தாங்காமல், 1593-இல் கோமகன் முதலாம் ஃபெர்தினாந்தோ கசாப்புக்காரர்களை விரட்டிவிட்டுத் தட்டார்களுக்குக் கடை கொடுத்தார். இன்றும் நகைக்கடைகள்தான்.

ஆனால் பாலத்தை ஒட்டிய தெருக்களைக் கொஞ்சம் கவனியுங்கள். கட்டடங்கள் ஒரு மாதிரி 1950-களின் முகத்தோடு இருக்கும். 1944 ஆகஸ்ட் தொடக்கத்தில் பின்வாங்கிய ஜெர்மன் படை இந்த ஒரு பாலத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாப் பாலங்களையும் தகர்த்தது. இதை அடைத்துப் போட, இரு முனைகளிலும் இருந்த இடைக்கால வீடுகளை வெடி வைத்துச் சரித்தது. பக்கத்திலுள்ள சான்டா திரினிதா பாலத்தை மக்கள் பழைய வடிவத்திலேயே மறுபடி எழுப்பி 1958-இல் திறந்தார்கள். அதன் மூலையில் நிற்கும் வசந்தகாலச் சிலைக்கு அப்போது தலை இல்லை. 1961-இல் ஆற்றுப்படுகையில் கிடைத்தது. கிட்டப் போனால் கழுத்தில் ஒட்டு தெரியும்.

பிரான்காச்சி தேவாலயம் ஒரு சின்ன அறைதானே? அதற்கு ஏன் இத்தனை பேச்சு?

சின்ன அறைதான். சான்டா மரியா தெல் கார்மினே ஆலயத்தின் வலக்கோடியில், நம் வீட்டுக் கூடம் அளவுக்கு ஓர் இடம். வெளியிலிருந்து பார்த்தால் ஆலயம் முகப்புப் பூச்சே இல்லாத கல் சுவர். 1771-இல் தீப்பிடித்து ஆலயம் பெரும்பாலும் அழிந்தது. இந்த மூலை தப்பியது.

ஃபெலிசே பிரான்காச்சி என்ற பட்டு வணிகர் 1420-களில் இந்த அறையை ஓவியத்தால் நிரப்பச் சொன்னார். மசோலினோ என்ற மூத்தவரும், மசாச்சோ என்ற இளைஞரும் சாரத்தில் ஏறினார்கள். மசாச்சோ என்பது பட்டப்பெயர், நம் ஊரில் 'அழுக்கு ராமு' என்பது போல. உடை, காசு, எதிலும் அக்கறை இல்லாதவர் என்று, கலைஞர்களின் வாழ்க்கையை எழுதிய அதே வசாரி குறித்திருக்கிறார். 1428-இல் ரோமில் இறந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. மிச்ச வேலையை அறுபது ஆண்டு கழித்து, 1480-களில், ஃபிலிப்பினோ லிப்பி முடித்தார்.

உள்ளே போனதும் நேராக நடுச்சுவருக்குப் போகாதீர்கள். முதலில் நுழைவு வளைவின் இரண்டு தூண்களையும் பாருங்கள், வலப்பக்கம், பிறகு இடப்பக்கம். வலப்பக்கம் மசோலினோவின் ஆதாமும் ஏவாளும். கனி உண்ணும் நேரம். இருவரும் படம் பிடிக்க நிற்பவர்கள் போல, தலைவாரிக்கொண்டு, சாந்தமாக இருக்கிறார்கள். இடப்பக்கம் மசாச்சோவின் அதே இருவர், தோட்டத்திலிருந்து துரத்தப்படுகிறார்கள். ஆதாம் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு வயிறு ஒட்ட விம்முகிறான். ஏவாள் வாய் திறந்து ஓலமிடுகிறாள். சாவு வீட்டு வாசலில் கேட்கும் அழுகை அது. சில அடி இடைவெளியில் ஒரு காலம் முடிந்து இன்னொன்று பிறந்ததை வேறெங்கும் நான் இவ்வளவு பச்சையாகப் பார்த்ததில்லை. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யாரோ வெட்கப்பட்டு இவர்களுக்கு இலை ஆடை வரைந்தார்கள். 1980-களின் சீரமைப்பில் இலையும் போனது, மெழுகுவத்திப் புகையும் போனது.

அதன் பிறகு 'காணிக்கைப் பணம்' என்ற ஓவியம். வரி கேட்டு நிற்கும் ஆளுக்குக் கொடுக்கக் காசில்லை. ஏரியில் மீனின் வாயில் நாணயம் கிடைக்கும் என்கிறார் இயேசு. நடுவில் பேதுரு திகைக்கிறார், இடக்கோடியில் அவரே மீனைப் பிடிக்கிறார், வலக்கோடியில் அவரே காசைக் கொடுக்கிறார். ஒரே சட்டத்துக்குள் ஒரே ஆள் மூன்று தடவை. நிழல்களைக் கவனியுங்கள். அறையின் நிஜ சன்னல் எந்தப் பக்கமோ, ஓவியத்துக்குள் வெளிச்சமும் அந்தப் பக்கத்திலிருந்தே விழுகிறது. அதனால்தான் அந்த ஆட்கள் நம்மோடு அதே அறையில் நிற்பது போல இருக்கிறது.

பிரான்காச்சிக்கு இதில் பலன் கிட்டவில்லை. 1434-இல் மெதிச்சிகளின் கை ஓங்கியது. எதிரணியோடு சம்பந்தம் வைத்திருந்த அவர் நாடுகடத்தப்பட்டார்.

மைக்கலாஞ்சலோவுக்கு மூக்கு உடைந்தது இங்கேதான் என்கிறார்களே?

அப்படித்தான் சொல்கிறார்கள். பையன்களாக இந்தச் சுவர்களைப் பார்த்து வரைந்து பழகியபோது, மைக்கலாஞ்சலோ கேலி செய்தான் என்று தொர்ரிஜானோ என்ற சக மாணவன் குத்திய குத்தில் மூக்கு சப்பையானது. பிறகு அவனே அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்ததைச் சிற்பி செல்லினி பதிவு செய்திருக்கிறார்.

மைக்கலாஞ்சலோவின் இன்னொரு தடயம் சான்டோ ஸ்பிரிடோ ஆலயத்தில். மடத்து மருத்துவமனையில் பிணங்களை அறுத்து உடலமைப்பைக் கற்க அவருக்கு இடம் கிடைத்தது. பதிலுக்கு இளம் வயதில் ஒரு மரச் சிலுவை செதுக்கிக் கொடுத்தார். எங்கோ தொலைந்ததாக எண்ணியிருந்த அது 1960-களின் தொடக்கத்தில் மடத்துக்குள்ளேயே கண்டுபிடிக்கப்பட்டது. எண்கோண வடிவப் பக்க அறையில் தனியாகத் தொங்குகிறது. தசை முறுக்கிய மைக்கலாஞ்சலோவை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஒடிசலான பிள்ளை உடம்பு. வேறு யாரோ செய்தது என்று வாதாடியவர்களும் உண்டு, ஆனால் இன்று பெரும்பாலோர் அவருடையது என்றே ஏற்கிறார்கள். ஆலயத்தைத் திட்டமிட்டவர் புரூனெல்லெஸ்கி. முகப்பு கடைசிவரை முடியவே இல்லை. வெறும் பூச்சுச் சுவர், அதன் முன்னால் காலைச் சந்தை.

பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

லா ஸ்பெகோலாவுக்குப் போங்கள், ஆனால் உங்கள் பிள்ளையின் மனதைப் பொறுத்து. 1775-இல் பொதுமக்களுக்குத் திறந்த அறிவியல் காட்சியகம், பிட்டிக்குச் சில அடி தள்ளி. நீண்ட சீரமைப்புக்குப் பின் 2024-இல் மறுபடி திறந்தது. முதல் பாதி பாடம் செய்த விலங்குகள். அதில் ஒரு நீர்யானை இருக்கிறது. போபொலி தோட்டத்தில் வளர்ந்தது என்று சொல்வார்கள். பாடம் செய்தவர் நீர்யானையின் காலை நிதானமாகப் பார்த்ததில்லை போலும், கிட்டத்தட்ட நாய்க்கால் வைத்துவிட்டார். குழந்தைகளுக்கு அது போதும்.

இரண்டாம் பாதி மெழுகு உடல்கள். பிணம் கிடைக்காத நாளிலும் மருத்துவம் படிப்பவர்கள் பார்க்க வேண்டும் என்று, கிளெமென்தே சுசினி போன்றவர்கள் நரம்பு நரம்பாக வார்த்தது. முத்துமாலை போட்டு, கூந்தல் விரித்து, பட்டு மெத்தையில் படுத்திருக்கும் பெண். வயிற்றை மூடி போல எடுத்தால் குடல், ஈரல், கரு. அழகும் அருவருப்பும் ஒன்றாக வரும். பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களை நான் கூட்டிப்போக மாட்டேன்.

கூட்டமே இல்லாத இடம் ஒன்று சொல்லுங்கள்.

இரண்டு சொல்கிறேன். முதலாவது சான்டா ஃபெலிசிதா, பாலத்திலிருந்து கூப்பிடு தூரம்தான், எல்லாரும் கடந்து போகிறார்கள். நுழைந்ததும் வலப்பக்கம் பொன்தொர்மோ வரைந்த, இயேசுவைச் சிலுவையிலிருந்து இறக்கும் காட்சி. சிலுவையையே காணோம். இளஞ்சிவப்பும் வெளிர்நீலமுமாக, மிட்டாய் நிறத்தில், தரையில் கால் பாவாத மனிதர்கள் ஒரு பிணத்தைத் தாங்கித் தவிக்கிறார்கள். விளக்கெரிய நாணயம் போட வேண்டியிருக்கும், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பர்தினி அருங்காட்சியகம். ஸ்தெஃபனோ பர்தினி பழம்பொருள் வியாபாரி, இத்தாலியின் கலையை வெளிநாட்டுக்கு விற்றே பணக்காரரானவர். 1922-இல் இறக்கும்போது மிச்சத்தை நகரத்துக்கு எழுதிவைத்தார். வெள்ளைப் பளிங்கு எடுப்பாகத் தெரியச் சுவருக்கு அடர்நீலம் அடித்திருந்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் அதை மறைத்துப் பூசினார்கள், பின்னர் நீலத்தை மீட்டார்கள். வடகரைச் சந்தையில் எல்லாரும் மூக்கைத் தடவிப் பளபளப்பாக்கும் வெண்கலப் பன்றி நகல்தான். பியெத்ரோ தாக்கா வார்த்த அசல் இங்கே, யாரும் தடவாமல் நிற்கிறது.

சூரியன் மறைவதை எங்கே பார்க்கலாம்?

எல்லாரும் மைக்கலாஞ்சலோ சதுக்கத்துக்கு ஓடுவார்கள். ஃபிளாரன்ஸ் இத்தாலியின் தலைநகராக இருந்த காலத்தில், ஜூசெப்பே போஜ்ஜி வகுத்த மேடை அது. நிற்க இடமிருக்காது, ஆளுக்கொரு கைப்பேசி. இன்னும் பத்து நிமிடம் மேலே ஏறினால் சான் மினியாதோ. 1018-இல் தொடங்கிய ஆலயம், பச்சை வெள்ளைப் பளிங்கு முகப்பு, உள்ளே தரையில் 1207-ஆம் ஆண்டின் ராசிச் சக்கரம். கட்டணம் இல்லை. மாலை வழிபாட்டில் துறவிகள் பாடும்போது நிலவறைப் பகுதியில் உட்காரலாம், பேசாமல். 1529-30-இல் நகரம் முற்றுகையிடப்பட்டபோது மணிக்கூண்டைப் பீரங்கியிலிருந்து காக்க மைக்கலாஞ்சலோ அதன் மேல் கம்பளிப் பொதிகளைத் தொங்கவிட்டார்.

பட்டறைகள் இன்னும் இருக்கின்றனவா, இல்லை எல்லாம் சுற்றுலாக் கடைகளா?

குறைந்துவிட்டன. வாடகை ஏறுகிறது, வீடுகள் பயணிகளுக்கான தங்கல்களாக மாறுகின்றன. நான் தங்கியதும் அப்படி ஒன்றில்தான், ஆகவே குறைசொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் சான்டோ ஸ்பிரிடோவைச் சுற்றிய சந்துகளில் வார நாள் காலையில் நடந்தால், கதவு பாதி திறந்த பட்டறைகளில் சட்டத்துக்குத் தங்கரேக்கு ஒட்டுபவர், நாற்காலி பழுது பார்ப்பவர், தண்ணீரில் சாயம் மிதக்கவிட்டுக் காகிதத்தில் அலைவரி எடுப்பவர் கண்ணில் படுவார்கள். எட்டிப் பார்த்தால் முதலில் "போன்ஜோர்னோ" சொல்லுங்கள். சொல்லாமல் படம் எடுப்பது இங்கே மரியாதைக்குறைவு. பகல் ஒரு மணிக்குப் பலர் அடைத்துவிடுவார்கள்.

வீட்டுச் சுவரில் முழ உயரத்தில் ஒரு குட்டிக் கதவு தெரிந்தால் அது ஒயின் சன்னல். பிரபுக்கள் தோட்டத்து ஒயினைத் தெருவுக்கு விற்ற துவாரம். 2020 பெருந்தொற்றுக் காலத்தில் சிலவற்றை மறுபடி திறந்து காப்பியும் ஐஸ்கிரீமும் கொடுத்தார்கள்.

சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கேட்டுச் சாப்பிடுங்கள். ரிபொல்லிதா என்பது பீன்ஸ், கீரை, பழைய ரொட்டி சேர்த்துக் கொதிக்கவைத்த கெட்டிக் குழம்பு. பாப்பா அல் பொமொதோரோ தக்காளியும் ரொட்டியும் சேர்த்துக் குழைத்தது. சில இடங்களில் இவற்றில் இறைச்சிச் சாறு ஊற்றுவார்கள். தெருவண்டியில் மணக்கும் லாம்பிரெதோத்தோ மாட்டின் நான்காம் வயிறு. தெரியாமல் வாங்கிவிடாதீர்கள். தெரிந்தே வாங்குபவர்கள் பச்சைச் சட்னியோடு கேளுங்கள். ரொட்டியில் உப்பே இருக்காது, அது சமையல்காரர் மறந்தது அல்ல, ஊர் வழக்கம். ஊறுகாய் பாட்டில் என் பையில் இருந்தது.

டிக்கெட், கிழமை, நுணுக்கங்கள்?

பிட்டியும் போபொலியும் அரசுடையவை. 18 வயதுக்குக் கீழே எல்லா நாட்டவருக்கும் இலவசம், மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாருக்கும் இலவசம், அன்று கூட்டம் நெரியும். பிட்டி திங்கட்கிழமை விடுமுறை. பிரான்காச்சி, பர்தினி இரண்டும் நகராட்சியுடையவை, வாரம் முழுவதும் திறந்திருப்பதில்லை. பிரான்காச்சிக்குச் சிறு சிறு குழுக்களாகத்தான் விடுவார்கள், முன்பதிவு செய்துவிடுங்கள். ஆலயங்களுக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை. வாடகைக் கார் எடுத்து இந்தச் சந்துகளுக்குள் ஓட்டாதீர்கள். வெளியாள் வண்டிக்குத் தடை உள்ள பகுதி இது. கேமரா படம் பிடிக்கும், அபராதம் வீட்டு முகவரிக்கு வரும்.

இந்தியாவோடு ஏதாவது தொடர்பு உண்டா?

ஓல்த்ரார்னோவில் இல்லை, ஆனால் அதே ஆற்றின் வடகரையில், நகரின் மேற்குக் கோடியில் உண்டு. கோலாப்பூர் மன்னர் ராஜாராம் இங்கிலாந்து போய்த் திரும்பும் வழியில் 1870 நவம்பர் 30 அன்று ஃபிளாரன்ஸில் இறந்தார். வயது 20. எரியூட்டும் வழக்கமில்லாத ஊர். தனி அனுமதி பெற்று, முஞ்ஞோனே ஓடை ஆர்னோவில் கலக்கும் முனையில் இரவில் சிதை மூட்டினார்கள். இரண்டு நீர் கூடும் இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கஷீனே பூங்காவின் கடைசிவரை நடந்தால், மண்டபத்துக்கு அடியில் தலைப்பாகையும் நகையுமாக வண்ணம் தீட்டிய அவருடைய மார்பளவுச் சிலை நிற்கிறது. அருகே ஆற்றைக் கடக்கும் நெடுஞ்சாலைப் பாலத்துக்கு, இந்தியர் பாலம் என்றே பெயர்.